ரெக்கார்டிங் செட்டப்ல சத்தம் வெட்டி வெட்டி வந்தது, நான் சரி பண்ணின விதம்

கம்ப்யூட்டர்ல பாட்டு ரெக்கார்ட் பண்றேன். நாலஞ்சு டிராக் வரைக்கும் ஒழுங்கா ஓடும், அதுக்கு மேல ஒரு ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டா போதும், பிளேபேக் டப்பு டப்புனு அறுந்து அறுந்து வர ஆரம்பிச்சுடும். முதல்ல பஃபர் சைஸ, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்து வேலை செய்யற சத்தத் துண்டோட அளவ பார்த்தேன், 64 சாம்பிள்னு இருந்துச்சு. 44100 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 44100 சாம்பிள்ங்கற கணக்குல, அது ஒன்றரை மில்லிசெகண்ட் கூட இல்லங்க, அதுக்குள்ள ரிவெர்ப் மாதிரி போட்டிருக்கற அத்தனை பிளகினையும் (எஃபெக்ட் சாஃப்ட்வேர்) கம்ப்யூட்டர் கணக்கு போட்டு முடிக்கணும், முடியலன்னா அந்த இடத்துல சத்தம் விட்டுப் போயிடும். 512 ஆக்கினதும் கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட் கிடைச்சுது, முக்கால்வாசி சரியாச்சு. என்ன, பாடும்போது நம்ம குரலே ஹெட்ஃபோன்ல லேட்டா வரும், அதனால ரெக்கார்ட் பண்றப்ப 128, மிக்ஸ் பண்றப்ப 512னு மாத்திக்கறேன்.

ஆனா அப்பப்போ வர்ற டிக் சத்தம் மட்டும் போகவே இல்ல. சிபியு மீட்டர பார்த்தா பாதி கூட ஏறல, ஒரே எரிச்சல். லேட்டன்சிமான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ்ல எந்த டிரைவர் (ஹார்ட்வேர இயக்கற சாஃப்ட்வேர்) ப்ராசஸர விடாம புடிச்சு வெச்சிருக்குனு காட்டிக் குடுத்துடும். எனக்கு மாட்டினது வைஃபை டிரைவர்! டிவைஸ் மேனேஜர்ல வைஃபைய டிசேபிள் பண்ணினேன், டிக் நின்னுடுச்சு. புது டிரைவர் போட்டும் பார்த்தேன், கொஞ்சம் குறைஞ்சுதே தவிர முழுசா போகல, அதனால ரெக்கார்டிங்னா வைஃபை ஆஃப் தான். பவர் பிளானையும் ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சிருக்கேன், அதனால பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல, இருந்தாலும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.