பழைய பென்ஸ் வாங்கியாச்சா? முதலில் கை வைக்க வேண்டிய இடங்கள்

மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் கார் தயாரிக்கத் தொடங்கியது 1995-இல், புனேயில். முதலில் வந்தது டபிள்யூ124 என்ற வரிசை. பெட்ரோலில் இ220, டீசலில் இ250டி. அந்தக் காலத்தில் மில் முதலாளிகளும் சினிமாக்காரர்களும் வைத்திருந்த வண்டி, இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்குக் கீழேயே கிடைத்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், வண்டியின் விலைதான் இறங்கியதே தவிர, பாகங்களின் விலை இறங்கவில்லை.

ஆனால் இந்த வண்டியில் பெரிய பாகங்கள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். தொல்லை கொடுப்பதெல்லாம் முப்பது வருட வெயிலில் காய்ந்த ரப்பர், நொறுங்கும் பிளாஸ்டிக், துருப்பிடித்த மின் இணைப்பு. இவற்றைக் கவனிக்காமல் விடும்போதுதான் அது எஞ்சின் வேலையாக மாறுகிறது. கீழே இருப்பது, இதுவரை ஸ்பேனர் பிடிக்காதவர்களும் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலைகள். இ220-ஐ வைத்துச் சொல்கிறேன். டீசல்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

தேவையான சாமான்கள்

10, 13, 17, 19 எம்எம் ஸ்பேனரும் சாக்கெட்டும், ஒரு செட் ஆலன் கீ, ஒரு மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவு விசையில் போல்ட்டை முறுக்கும் ஸ்பேனர்), மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. அப்புறம் தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்த இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் சரி.

பாகம் வாங்கும்போது ஒரு விஷயம் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். மெர்சிடிஸ் பாக எண்ணில் முதல் மூன்று இலக்கம் பெரும்பாலும் அது எந்த வண்டிக்காக அல்லது எந்த எஞ்சினுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். 124 என்று தொடங்கினால் உங்கள் பாடி வரிசை. 111 என்றால் இ220-இல் உள்ள எம்111 எஞ்சின். சென்னையில் ஜிபி ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போகும்போது வண்டிப் பெயரைச் சொல்லாமல் இந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். மெர்சிடிஸ் நட்சத்திரம் போட்ட டப்பாதான் வேண்டும் என்றும் இல்லை. பாஷ், பெஹர், மான், லெம்ஃபோர்டர் போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலைக்கே பாகம் கொடுத்தவை. அவர்கள் சொந்தப் பெயரில் விற்கும் பாகத்துக்கு விலை குறைவு. ரப்பர் சாமான்களை மட்டும் பழைய வண்டியில் இருந்து கழற்றியதாக வாங்காதீர்கள்.

படி 1: போனட்டை நேராக நிறுத்துங்கள்

டபிள்யூ124-இன் போனட் சாதாரணமாகப் பாதி வரைதான் திறக்கும். கீலில் உள்ள பூட்டை விடுவித்தால் செங்குத்தாக, 90 டிகிரிக்கு நிற்கும். பலர் வருடக்கணக்கில் வண்டி வைத்திருந்தும் இது தெரியாமல் முதுகை வளைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். மேலே கூரை இருக்கும் இடத்தில் பார்த்துத் தூக்குங்கள். பிறகு எதையும் தொடாமல் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றியதை மாட்டும்போது அதுதான் உதவும்.

படி 2: ஃப்யூஸ் பெட்டி

எல்லோரும் ஆயில் மாற்றுவதில் தொடங்குவார்கள். நான் ஃப்யூஸ் பெட்டியில்தான் தொடங்கச் சொல்வேன். செலவு மிகக் குறைவு, பலன் அன்றைக்கே தெரியும்.

எஞ்சின் அறையின் பின்மூலையில் கறுப்பு மூடி போட்ட பெட்டி இருக்கும். உள்ளே இருப்பவை இன்றைய கார்களில் வரும் தட்டை ஃப்யூஸ் இல்லை. இரண்டு முனையும் கூராக, உடம்பின் மேல் ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஓடும் உருளை ஃப்யூஸ்கள். வெள்ளை 8 ஆம்ப், சிவப்பு 16 ஆம்ப், நீலம் 25 ஆம்ப். இவை எரிந்து போகாமலேயே வேலை நிறுத்தும். கூர்முனையும் அதைப் பிடிக்கும் கிளிப்பும் தொடும் இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துவிடும், மின்சாரம் பாதிதான் போகும். வைப்பர் மெதுவாக ஓடுவது, பவர் விண்டோ சிணுங்குவது, ஏசி புளோயர் விட்டு விட்டு வீசுவது எல்லாம் பல நேரம் இதனால்தான். எலக்ட்ரீஷியனிடம் போனால் மோட்டாரை மாற்றச் சொல்லலாம்.

செய்ய வேண்டியது: சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அதற்கு முன் ரேடியோவைப் பாருங்கள். தொழிற்சாலையில் மாட்டிய பெக்கர் கம்பெனி ரேடியோ அப்படியே இருந்தால், மின்சாரம் போய்த் திரும்பியதும் ரகசிய எண் கேட்கலாம். அந்த எண் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, கிளிப்பில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, புது ஃப்யூஸ் போடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றி மேசையில் பரப்பினால் எது எங்கே என்று குழம்பும். புதிதாக வாங்கும்போது அலுமினியப் பட்டையை விடச் செம்புப் பட்டை போட்டது நல்லது. கிளிப் தளர்ந்திருந்தால் லேசாக உள்ளே வளைத்துவிடலாம். வெள்ளை இருந்த இடத்தில் வெள்ளைதான். அடிக்கடி போகிறதே என்று சிவப்பைப் போட்டால், ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

ஒரு உபரித் தகவல்: டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை விளக்கு விடாமல் எரிந்தால், முந்தைய உரிமையாளர் பின்விளக்கில் எல்இடி போட்டிருக்கலாம். வண்டி பல்பு இழுக்கும் மின்சாரத்தை அளந்துதான் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்கிறது. சரியான வாட் உள்ள பழைய பல்பு போட்டதும் விளக்கு அணைந்துவிடும்.

படி 3: வயரிங் உறை (இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்)

ஏறக்குறைய 1992 முதல் 1995 வரை தயாரான மெர்சிடிஸ் பெட்ரோல் வண்டிகளில், எஞ்சின் வயர்களின் மேலுறை எளிதில் மக்கக்கூடிய பொருளால் ஆனது. எஞ்சின் சூட்டில் அது கெட்டியாகி, பிஸ்கட் மாதிரி உடையும். இரண்டு வயர் உள்ளுக்குள் ஒட்டினால் நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாமல் ஆடும், இடையிடையே சிலிண்டர் எரியாமல் மிஸ்ஃபையர் ஆகும், சிக்னலில் வண்டி நின்றுவிடும். நிலைமை மோசமானால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே போகும். ஒரு வயரிங்குக்குப் பதில் இரண்டு செலவு.

சோதிப்பது சுலபம். பேட்டரி கழற்றிய நிலையில், ஆறிய எஞ்சினில், இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) பக்கம் போகும் வயரின் வெளிக்குழாயை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் விலக்குங்கள். உள்ளே உள்ள சின்ன வயரை மெல்ல வளையுங்கள். ரப்பர் போல வளைந்தால் பிழைத்தீர்கள். வெடிப்பு விட்டாலோ செம்புக் கம்பி தெரிந்தாலோ, அதற்கு மேல் தொடாதீர்கள். தொடத் தொட இன்னும் உடையும். டேப் சுற்றுவது தீர்வே இல்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அதே நிலைதான். முழு ஹார்னஸையும் (எஞ்சின் வயர்களின் மொத்தக் கட்டு) மாற்ற வேண்டும். ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்களா என்று அறிய, ஹார்னஸில் ஒட்டிய தேதிச் சீட்டைத் தேடுங்கள். 1996-க்குப் பிந்தைய தேதி என்றால் நிம்மதி. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஆக்சுவேட்டருக்குள் போகும் வயரும் இதே ரகம் என்பதால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

வண்டி வாங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்ய விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

படி 4: கூலண்ட்

நம் ஊர் வெயிலில் இந்த வண்டியைக் கொல்வது சூடுதான். பல வண்டிகளில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும், அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரிக்கும்.

முதலில் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள்ளைப் படியுங்கள். எஞ்சின் சூடேறியதும் அது 80-க்கும் 100-க்கும் நடுவே நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் 80-க்குக் கீழேயே கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது யாரோ சூடாகக் கூடாது என்று அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது: ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, எஞ்சினுக்குள் சுற்றும் குறுக்கு வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். ஒரு பங்கு வெந்நீர் ரேடியேட்டருக்கே போகாது. ஏசி போட்டு நெரிசலில் நிற்கும்போது சூடு குறையாது, ஏறும். புதிதாக 87 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டுங்கள்.

இனி கூலண்ட் மாற்றும் முறை. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலண்ட் டேங்க் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, பேசினில் பிடியுங்கள். அது பிளாஸ்டிக் திருகு, பலம் காட்டினால் உடையும். எஞ்சின் பிளாக்கிலும் ஒரு வடிகால் போல்ட் உண்டு. புதியவர்கள் அதை விட்டுவிடலாம், ஆனால் அப்போது பழைய நீரில் கணிசமான பங்கு உள்ளேயே நிற்கும். அதனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எஞ்சினைச் சூடேற்றி, ஆறவிட்டு, வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பொறுமையைச் சோதிக்கும், பரவாயில்லை.

நிரப்பும்போது ஒரு தந்திரம். உள்ளே தண்ணீர் மிச்சம் இருப்பதால், பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். எனவே கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதியைக் கலக்காத கூலண்டாக முதலில் ஊற்றுங்கள், மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கடையில் தண்ணீர் கலந்தே விற்கும் டப்பாவும் கிடைக்கும், இதற்கு அது ஆகாது. லேபிளைப் படித்து வாங்குங்கள். மூடாமல் எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கியதும் அளவு பார்த்து மூடுங்கள். வடித்த கூலண்ட் இனிக்கும், அதே சமயம் விஷம். நாயோ குழந்தையோ தொடாதபடி உடனே மூடி வையுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

அப்படியே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சேரும் பிளாஸ்டிக் கழுத்தையும் பாருங்கள். நிறம் மங்கி மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ரேடியேட்டரை மாற்றிவிடுவது மேல். அது ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். கசிவை அடைக்கும் பொடி எதையும் ஊற்ற வேண்டாம். அது ஹீட்டர் குழாயையும் சேர்த்தே அடைக்கும்.

படி 5: பெட்ரோல் ஹோஸ்

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1990-களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எஞ்சின் பக்கத்தில் உள்ள குட்டி ஹோஸ்களையும், வண்டிக்கு அடியில் பெட்ரோல் பம்ப் பக்கத்தில் உள்ளவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ வெடிப்போ பெட்ரோல் வாசனையோ இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். கடையில் எத்தனால் தாங்கும் இன்ஜெக்ஷன் ஹோஸ் என்று கேளுங்கள். கார்பரேட்டர் வண்டிக்கான ஹோஸ் பார்க்க அதே போல இருக்கும், இந்த அழுத்தத்தைத் தாங்காது. மாற்றும் வேலையை அனுபவசாலியிடம் விடுங்கள். குழாயை அவிழ்த்ததும் பெட்ரோல் பீய்ச்சும்.

படி 6: ஆயில்

இது சுலபம், அதனால் சுருக்கமாக. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் உள்ள 13 எம்எம் போல்ட்டைக் கழற்றுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். காகித ஃபில்டரையும் அதன் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். முதலில் ஐந்து லிட்டர் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, டிப்ஸ்டிக் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மெர்சிடிஸின் 229.1 அல்லது 229.3 தரம் என்று டப்பாவில் இருந்தால் போதும். விலை உயர்ந்த ஸ்பெஷல் ஆயிலுக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு ஹோஸ் மாற்றலாம்.

படி 7: கதவுப் பூட்டு

சாவி போட்டதும் நான்கு கதவும் டிக்கியும் சேர்ந்து பூட்டுவது மின்மோட்டாரால் இல்லை, காற்றால். ஒரு பம்ப் மெல்லிய குழாய்கள் வழியாகக் காற்றை ஊதியும் உறிஞ்சியும் பூட்டை நகர்த்துகிறது. பூட்டியதும் காது கொடுங்கள். ஓரிரு வினாடியில் பம்ப் நின்றால் நல்லது. முனகிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. ஒவ்வொரு கதவுக்கான குழாயாக மடித்துப் பிடித்துப் பூட்டிப் பார்த்தால், எதைப் பிடித்தபோது பம்ப் சீக்கிரம் நிற்கிறதோ அந்தக் கதவுதான் குற்றவாளி. பெரும்பாலும் சில அங்குல ரப்பர் இணைப்பில் முடியும்.

தொடக்கூடாதவை

முன் ஸ்பிரிங்கைக் கழற்றவே கூடாது. அதில் அடைபட்டிருக்கும் விசை ஆளைக் கொல்லும், அதற்கென்று தனிக் கருவி வேண்டும். ஏர்பேக், ஏசி கேஸ் இரண்டும் அப்படியே. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், டாட் 4. ஆனால் முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சக்கரம் கழற்றலாம். இதில் நட்டு கிடையாது, 17 எம்எம் போல்ட்கள். கையால் திருகி, எதிரெதிராக 110 நியூட்டன் மீட்டரில் முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மீண்டும் சரிபாருங்கள். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிடுவார்கள். கடைசி முறுக்கை மட்டும் நீங்களே போடுவதாகச் சொல்லிவிடுங்கள்.

மழைக்கு முன்

இந்த வண்டிக்கு ஒரே வைப்பர்தான். வளைந்து நீண்டு மூலைகளைத் தொடும் அந்தக் கை, கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கும் என்பது மெர்சிடிஸின் கணக்கு. உள்ளே உள்ள சறுக்குத் தண்டு காய்ந்தால் முனகும், பிறகு மோட்டாரை இழுத்துக்கொண்டு போகும். தண்டு நீண்டு நிற்கும் நிலையில் சாவியை அணைத்து, துடைத்து, வருடம் ஒருமுறை கிரீஸ் வையுங்கள்.

கதவுக்குக் கீழே, வண்டியின் ஓரத்தில், ஜாக்கி செருகும் ஓட்டைகளை மூடும் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். உடைந்திருந்தால் உள்ளே சேறு தங்கி, வெளியே தெரியாமல் துரு தின்னும். மூடியைக் கழற்றி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு ஸ்பிரே அடித்துப் புது மூடி போடுங்கள். மூடி கிடைக்கவில்லை என்று சிலிகானால் அடைக்காதீர்கள். வேறு வழியாக இறங்கும் தண்ணீருக்கு வெளியேற இடம் இருக்காது.