‘டிசிஷன்’ யாரோடு சேரும், யாரோடு சேராது?

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகும் நம் மலையகப் பிள்ளைகளின் கொப்பிகளில் ‘டூ எ டிசிஷன்’ அடிக்கடி தலைகாட்டுகிறது. தமிழில் ‘முடிவு செய்’ என்கிறோம் அல்லவா, கை தானாக ‘டூ’ போட்டுவிடுகிறது. ஆனால் அந்த இரண்டும் ஆங்கிலத்தில் ஒட்டாது. ‘டிசிஷன்’ எந்தச் சொற்களோடு ஒட்டும் என்பதை ஐந்து படிகளில் ஒரே பக்கத்தில் தொகுப்போம்.

படி 1: கொப்பியில் ஒரு பக்கத்தின் நடுவே ‘டிசிஷன்’ என்று எழுதுங்கள். முன்னால் வரும் சொற்களுக்கு இடப்பக்கம், பின்னால் வருபவற்றுக்கு வலப்பக்கம்.

படி 2: வினைச்சொற்களைச் சேருங்கள். அதிக நேரம் இதற்கே கொடுங்கள். ‘மேக்’ எங்கும் செல்லும். ‘டேக்’ பிரித்தானிய வழக்கு. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் தாராளமாக வரும். பேசிப் பேசி எட்டிய முடிவென்றால் ‘ரீச்’ அல்லது ‘கம் டு’.

சம்பளச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அதுவரை தொழிலாளர்கள் காத்திருந்தது ‘அவெய்ட் எ டிசிஷன்’. இழுத்தடித்தது ‘டிலே எ டிசிஷன்’. சபை முடிவுக்கு வந்தது ‘ரீச் எ டிசிஷன்’. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போனது ‘சேலஞ்ச் த டிசிஷன்’. எடுத்த முடிவை மாற்றினால் ‘ரிவர்ஸ்’, அதிலேயே நின்றால் ‘ஸ்டிக் டு’. ஒரு செய்தியைப் பின்தொடர்ந்தாலே பக்கம் பாதி நிரம்பிவிடும். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை: பாராளுமன்றத்திலோ தொழிற்சங்க மாநாட்டிலோ ‘தீர்மானம் நிறைவேறியது’ என்றால் அது ‘ரெசல்யூஷன்’. அங்கே ‘டிசிஷன்’ போடாதீர்கள்.

படி 3: அடைமொழிகள். அவசரப்பட்டு எடுத்தது ‘ஹேஸ்டி’, எல்லோரும் ஒருமித்தது ‘யுனானிமஸ்’, கடினமானது ‘டஃப்’ அல்லது ‘டிஃபிகல்ட்’, மாற்றமில்லாதது ‘ஃபைனல்’. ஆரம்பத்துக்கு இவை போதும்.

படி 4: வலப்பக்கம். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘ஆன்’ அல்லது ‘அபவுட்’: ‘எ டிசிஷன் ஆன் வேஜஸ்’. வினை வந்தால் ‘டு’: ‘த டிசிஷன் டு ரெய்ஸ் வேஜஸ்’. ‘டு ரெய்சிங்’ என்று எழுதினால் புள்ளி போகும்.

படி 5: இனி உங்கள் வாக்கியம். உயர்தரத்தில் கலையா, வர்த்தகமா, விஞ்ஞானமா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை மூன்று வரியில் எழுதுங்கள். முதல் வரியில் ‘டிஃபிகல்ட்’, இரண்டாவதில் ‘கம் டு’, மூன்றாவதில் ‘ஸ்டிக் டு’ வரட்டும். எழுதியதை ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.