139-ல் நின்ற என் பட்டம்

பி.எஸ்சி. கணிதம், ஒரு அரியர் கூட இல்லை. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் புரொவிஷனல் சான்றிதழ் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. கட்டணம் போய்ச் சேரவில்லையோ என்று சலானைத் தேடினேன்; கட்டியிருந்தேன். கல்லூரி அலுவலகத்தில் பல்கலைக்கழகத்தைக் கேட்கச் சொன்னார்கள், அங்கே கல்லூரியைக் கேட்கச் சொன்னார்கள். பதினோரு நாள் இப்படியே போனது.

அப்புறம் ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களையும் வைத்து கிரெடிட்டை, அதாவது ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் கிடைக்கும் புள்ளியை, கூட்டினேன். 139. எங்கள் பாடத்திட்டத்தில் பட்டத்துக்கு 140 வேண்டும். குறைந்த ஒன்று பகுதி 5, அதாவது என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. இதற்குத் தேர்வே கிடையாது. கல்லூரி அனுப்பும் பெயர்ப் பட்டியல்தான் கணக்கு. அதனால் பெயர் விடுபட்டால் எங்கும் 'தோல்வி' என்று வராது, அந்த வரியே இருக்காது. நான் இரண்டாம் ஆண்டில் விளையாட்டிலிருந்து என்.எஸ்.எஸ்.-க்கு மாறியவன். இரண்டு பட்டியலிலும் என் பெயர் இல்லை.

என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரிடம் வருகைப் பதிவேட்டின் நகலும் முகாம் சான்றிதழும் வாங்கி, முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. பெரிய நிம்மதி.

நடுவில் மாறியவர்கள் ஐந்தாம் செமஸ்டரிலேயே அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.