ஆஷ் இல்லாத போக்கிமானைப் பழைய ரசிகரும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து பார்ப்பது எப்படி

2023 ஏப்ரல் 14இல் ஜப்பானில் தொடங்கிய 'போக்கிமான் ஹொரைசன்ஸ்' கார்ட்டூன் தொடரில் ஆஷ் கிடையாது. போக்கிமான் என்ற விசித்திரப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கிப் போட்டியிட வைக்கும் பிள்ளைகளின் கதை இது. 1997 ஏப்ரல் 1இல் தொடங்கி 1,200 எபிசோடுகளுக்கு மேல் கதையை இழுத்து வந்த பையன் போய், லிக்கோ, ராய் என்று இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ரசிகர்களும் அன்றிலிருந்து இரண்டு பக்கம். ஆஷோடு வளர்ந்த அண்ணன்மார் "இதெல்லாம் ஒரு போக்கிமானா" என்று எழும்பிப் போகிறார்கள். லிக்கோவில் தொடங்கிய தங்கச்சிக்கு அண்ணன் எதற்குக் கோபப்படுகிறார் என்றே விளங்குவதில்லை. மலைநாட்டுத் தோட்டத்தின் ஒரே லயத்தில் (வரிசை வீட்டில்), ஒரே டிவிக்கு முன்னால் இரண்டு பேரும் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

குறை சொல்பவர்களில் பலர் புதிய தொடரையும் பழையதைப் பார்த்த மாதிரியே பார்க்கிறார்கள், அதாவது கிடைத்த நாளில் கிடைத்த எபிசோட். ஆஷின் கதைக்கு அது போதும். லிக்கோவின் கதைக்குப் போதவே போதாது. பார்க்கும் முறையைத் திருத்தினால் கோபத்தில் ஒரு பங்கு தானாகப் போய்விடும். மிஞ்சுவது நியாயமான கோபம். அதற்குப் பேசுவதுதான் வழி.

முதலில் ஆஷின் கதையை முடித்துவிடுங்கள்

பழைய ரசிகரிடம் லிக்கோவைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆஷை எந்த இடத்தில் விட்டீர்கள்? படிப்பு, வேலை, கொழும்புக்குப் போனது என்று ஏதோ ஒரு காரணத்தால் பலர் நடுவிலேயே விட்டிருப்பார்கள். காலோஸ் லீக் இறுதிப் போட்டியில் அலைனிடம் ஆஷ் தோற்ற 2016ஆம் ஆண்டோடு மனம் வெறுத்து நிறுத்தியவர்களும் உண்டு. இவர்களைப் பொறுத்தவரை ஆஷ் ஜெயிக்காமலே காணாமல் போன பையன். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆகவே இரண்டு விஷயத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று, உலக முடிசூட்டுத் தொடரின் இறுதிப் போட்டி, ஆஷும் உலக சாம்பியன் லியோனும் மோதுவது. நான்கு எபிசோடுகளுக்கு நீளும். கடைசியில் களத்தில் நிற்பது ஆஷின் துணையான பிக்காச்சுவும் லியோனின் சாரிசார்டும். அந்தக் கடைசி எபிசோட் ஜப்பானில் 2022 நவம்பர் 11இல் ஒளிபரப்பானது. மற்றது, 2023 ஜனவரி முதல் மார்ச் வரை வந்த 11 எபிசோடுகள் கொண்ட விடைபெறும் பகுதி. ஆஷின் பழைய பயணத் தோழர்கள் மிஸ்டியும் புரொக்கும் திரும்பி வருகிறார்கள். காட்டில் விட்டுவிட்டு வந்த பறவைப் போக்கிமான் பிட்ஜியட்டும் வருகிறது. மொத்தம் 15 எபிசோட், இரண்டு வார இறுதிக்குப் போதும். இதைப் பார்க்காமல் நேரே லிக்கோவுக்குப் போனால், அந்தப் பிள்ளை என்ன செய்தாலும் குற்றமாகத்தான் தெரியும்.

சின்னவர்களுக்கு மறுபக்கமாக ஒரு சின்னப் பாடம் வேண்டும். ஆஷின் முதல் எபிசோடையும், அவன் பிடித்து வளர்த்த போக்கிமான் பட்டர்ஃப்ரீயைப் பிரியும் 21ஆவது எபிசோடையும் மட்டும் காட்டுங்கள். அண்ணனுக்கு ஏன் தொண்டை அடைக்கிறது என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

புதிய தொடருக்கு வரிசை முக்கியம்

ஆஷின் கதையில் ஒரு வாரம் தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாது. அடுத்த ஊர், அடுத்த ஜிம் என்ற சண்டைக்கூடம், அங்கே ஜெயித்தால் அடுத்த பேட்ஜ், வழியில் வில்லன் கூட்டம் டீம் ராக்கெட். ஹொரைசன்ஸ் அப்படி இல்லை. லிக்கோவுக்குப் பாட்டி கொடுத்த பதக்கம், ராயிடம் இருக்கும் பழங்காலப் போக்கி பந்து, லூசியஸ் என்ற பழைய பயணி, அவரோடு இருந்த ஆறு போக்கிமான்கள் என்று ஒரே நூலில் கோத்த கதை. மூன்று எபிசோட் தவறினால் பதக்கத்துக்காக வரும் அமேத்தியோ எதற்குத் துரத்துகிறான் என்பதே விளங்காது. "கதையில ஒண்ணுமே இல்ல" என்ற புகாரைக் கேட்டால், எத்தனை எபிசோட் இடையில் விட்டார் என்று முதலில் விசாரியுங்கள்.

இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்:

முதல் இரண்டு எபிசோடையும் ஒரே இருப்பில் பாருங்கள். ஜப்பானிலும் ஒரு மணிநேரச் சிறப்பாகத்தான் வந்தன. ஒன்றோடு நிறுத்தினால் கதை பாதியில் தொங்கும்.

அடுத்து 25 வரை. இதுதான் முதல் பகுதி. நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். மெதுவாக நகரும் கதையை ஆறேழாக அடுக்கினால் அலுப்புத் தட்டும், பழி தொடரின் மேல் விழும். தொடர் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல 25தான் சரியான இடம். ராயே சில எபிசோட் கழித்துத்தான் வருகிறான். ஆகவே இரண்டாவது எபிசோடில் தீர்ப்புச் சொல்பவரிடம் பொறுத்திருக்கச் சொல்லலாம்.

26 முதல் 45 வரை இரண்டாம் பகுதி. இதன் தலைப்பே பதக்கத்தின் இரகசியத்தைச் சொல்லிவிடும் என்பதால் பிள்ளைகளிடம் 'இரண்டாம் பகுதி' என்று மட்டும் சொல்லுங்கள். 46இல் இருந்து பல்டேயா பிரதேசத்தில் பள்ளிக்கூடமும் டெராஸ்டல் என்ற சண்டை உத்தியில் பயிற்சியும். ஜிம் சண்டை கேட்டவர்களுக்கு இங்கேதான் தீனி. அதற்குப் பிறகு ரேக்குவாசா என்ற போக்கிமானைத் தேடும் பகுதி. 2025 ஏப்ரலில் தொடங்கிய 'மெகா வோல்டேஜ்' பகுதியில் கதை ஓராண்டு தாவியிருக்கும், அதை நடுவில் திறந்து பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டாம்.

மழை, டிஷ், டேட்டா

வரிசை குலையாமல் பார்ப்பது மலைநாட்டில் சொல்வதற்கு லேசு, செய்வதற்கு அல்ல. இந்திய டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் ஹங்காமா சேனலில் தமிழ் ஒலியோடு பார்க்கலாம். இந்தியாவில் இந்தத் தொடர் அதில் 2024இல் தொடங்கியது. ஆனால் கனமழையில் படம் உடைந்து கட்டம் கட்டமாகி நின்றுவிடும். இந்த டிஷ்களுக்கு வரும் அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுவதே காரணம். பனிமூட்டம் அவ்வளவு கெடுப்பதில்லை. மஸ்கெலியா, நோர்வூட், அட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளை, பண்டாரவளை பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் மாலை நேரத்தை நம்ப வேண்டாம். மறுஒளிபரப்பு காலையில் இருந்தால் அதைப் பிடியுங்கள். செட்டொப் பெட்டியில் பதிவு செய்யும் வசதி இருந்தால் ஒரு பென்டிரைவைச் செருகிப் பதிவு போட்டுவிடுங்கள்.

மழை விட்ட பிறகும் படம் வரவில்லை என்றால் கோளாறு டிஷ்ஷில். நம் நாட்டில் டிஷ் நன்றாக மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் இலையும் பாசியும் அதில் தங்கும். ஈரத்துணியால் துடையுங்கள், அழுத்தி அசைத்துவிடாதீர்கள். வயர் மாட்டும் இடத்தில் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பிடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புதிதாக மாட்டி, ரப்பர் டேப் சுற்றுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் கணக்கு இருந்தால் தொடர் அதில் இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இது நாட்டுக்கு நாடு மாறும். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. நேரடியாகப் பார்க்க முயன்று ஒவ்வொரு நிமிடமும் வட்டம் சுற்றுவதைவிட, நள்ளிரவுக்குப் பிறகு வரும் இரவு டேட்டாவில் தரவிறக்கம் செய்து வைப்பதே நல்லது. நடுத்தரத் தரத்தில் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 0.7 ஜிபி, குறைந்த தரத்தில் 0.3 ஜிபி. 24 நிமிட எபிசோடுக்கு 280 எம்பி அல்லது 120 எம்பி என்று கணக்கு வையுங்கள். போனில் பார்க்கக் குறைந்த தரமே போதும், 32 அங்குல டிவியில் போட்டால் முகங்கள் மங்கும். தரவிறக்கியவற்றுக்குக் காலாவதி உண்டு, சில பார்க்கத் தொடங்கி 48 மணிநேரத்தில் பூட்டிக்கொள்ளும். ஒரே தடவையில் ஐந்து ஆறுக்கு மேல் இறக்காதீர்கள்.

வாசிகசாலையில் பெரிய திரை கட்டி எல்லோருக்கும் போடலாமே என்று தோன்றும். அந்தக் கணக்குகள் வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும் கொடுக்கப்பட்டவை, பொதுத் திரையிடலுக்கு அல்ல. பார்ப்பது வீட்டில், கூடிப் பேசுவது வாசிகசாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசத்தான் கூட்டம் வேண்டும்.

எபிசோட் கொப்பி

மழையும் கரண்டும் எத்தனை முன்னேற்பாடு செய்தாலும் ஒரு எபிசோடையாவது தின்றுவிடும். அதற்குத்தான் கொப்பி. 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். பார்த்தவர் அன்றைக்கே எழுத வேண்டும், மறுநாள் எழுதினால் பெயர்கள் குழம்பும். எபிசோட் எண், நடந்தது மூன்று வரி, விடை தெரியாத கேள்வி ஒன்று. முதல் பக்கம் இப்படி இருக்கலாம்:

"எபி. 1. லிக்கோ கான்டோவில் இண்டிகோ பள்ளிக்கூடத்தில் சேர்கிறாள். ஸ்பிரிகட்டிட்டோ கிடைக்கிறது, சொன்னது கேட்பதில்லை. பாட்டியின் பதக்கத்தைத் தேடி அமேத்தியோ வருகிறான். கேள்வி: பதக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?"

கேள்வியை விட்டுவிடாதீர்கள். தவறவிட்டவரை அடுத்த எபிசோடுக்குள் இழுத்து வருவது அந்த ஒரு வரிதான். எழுதும் வேலையை ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அவர்கள் பெயரை விடமாட்டார்கள்.

பேச உட்காரும் நாள்

சனி, ஞாயிறு காலையில் டியூஷன், அறநெறி வகுப்பு என்று பிள்ளைகள் சிதறிக் கிடப்பார்கள். போயா விடுமுறையின் பின்நேரம் நல்ல நேரம். எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஒரு மணிநேரம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் சின்னவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எந்த எபிசோட் வரை பேசலாம் என்று முந்தின வாரமே அறிவித்துவிடுங்கள், முன்னால் பார்த்தவர் அந்த எல்லையைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கூட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு பெரியவர் பெருமைக்காக அடுத்த பகுதியைச் சொல்லிவிடுவார், மற்றவர்களுக்குப் பார்க்கும் ஆசையே போய்விடும்.

பேச்சு தொடங்குமுன் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று எழுதச் சொல்லுங்கள். எபிசோட் எண், யார், என்ன செய்தார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "லிக்கோ சும்மா இருக்கிறாள்" என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். எந்த இடத்தில் சும்மா இருந்தாள் என்று தேடப் போகும்போதே பாதிப் பேருக்குத் தங்கள் கருத்து மாறிவிடும். வாசிப்பது வயதில் சின்னவரிலிருந்து தொடங்கட்டும். பெரியவர் முதலில் பேசினால் தம்பி தங்கச்சிமார் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

ஒப்பிடும்போது சமமான இடங்களை வைத்து ஒப்பிடுங்கள். லியோனோடு நடந்த சண்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு லிக்கோவின் மூன்றாவது எபிசோடைப் பார்ப்பது அநியாயம். ஆஷின் முதல் ஐந்தை வைத்துப் பாருங்கள். பிந்தி எழும்பிய பையன், சொல் கேட்காத பிக்காச்சு, ஐந்தாவது எபிசோடில் புரொக்கிடம் முறையாக ஜெயிக்காமலே கையில் கிடைத்த பேட்ஜ். லிக்கோ மனசுக்குள் தயங்கித் தயங்கிப் பேசுவது பலருக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்தத் தயக்கம் எபிசோடுக்கு எபிசோட் எப்படிக் குறைகிறது என்பதுதான் இந்தத் தொடரின் உயிர். பழைய தொடரில் ஆஷுக்கு இப்படிப்பட்ட வளர்ச்சி கிடைக்கவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு காணொளி போடும் டொட் என்ற பிள்ளையும் அப்படித்தான்.

ஏற்றுக்கொள்ள வேண்டிய குறைகளும் உண்டு, அவற்றை மழுப்பாதீர்கள். முதல் பகுதியில் முழுமையான சண்டைகள் குறைவு. லிக்கோவும் ராயும் பிடிக்கும் போக்கிமான்கள் மிகச் சில, பிடிப்பதையே விளையாட்டாகக் கொண்ட தொடரில் இது கண்ணுக்குப் படும் குறை. அமேத்தியோ இருக்கும் எக்ஸ்ப்ளோரர்ஸ் கூட்டத்தில் டீம் ராக்கெட்டின் ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ்த் மூவரின் இடத்தை நிரப்ப ஆளில்லை. புதிய தொடரில் வரும் கேப்டன் பிக்காச்சு, லிக்கோவோடு பயணிக்கும் ஃப்ரீடேயின் துணை, ஆஷின் பிக்காச்சு அல்ல. ஜப்பானிய ஒலியில் இரண்டுக்கும் குரல் கொடுப்பவர் இக்குயே ஓத்தானிதான் என்பதால் சின்னவர்கள் குழம்புவார்கள், பெரியவர்களுக்கு மனம் வலிக்கும். இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

"ஆஷ் இல்லாம நான் பாக்க மாட்டேன்" என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால் வற்புறுத்த வேண்டாம். அது தொடரைப் பற்றிய குறை அல்ல, பிரிவின் வலி. அவர் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள், விவாதத்தில் சேர்க்க வேண்டாம். 25க்குப் பிறகும் பிடிக்கவில்லை என்பவர் அங்கே நிறுத்தட்டும், மனம் மாறினால் 26 முதல் 45 வரை கொப்பியில் வாசித்துவிட்டு 46இல் மீண்டும் சேரலாம். அந்த இருபது பக்கங்களும் வாசிக்கக்கூடிய கையெழுத்தில் இருக்கின்றனவா என்று கொப்பி வைத்திருப்பவர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.