ரோடோபாக்டரில் ஜீடிஏ: மரபணு கைமாறுவதைத் தட்டில் பார்க்கும் முறை

பாக்டீரியாக்களுக்குள் மரபணு கைமாறும் வழி மூன்று என்று சொல்லிப் பாடப்புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. ஜீடிஏ என்ற மரபணு கடத்தும் துகளுக்கு ஒரு பத்திகூட ஒதுக்காதது எனக்குப் பெரிய குறை. 1974இல் பேரி மார்ஸ் இதை ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸ் என்ற ஊதா பாக்டீரியாவில் கண்டறிந்தார். பார்வைக்கு வால் முளைத்த குட்டி வைரஸ்தான். ஆனால் உள்ளே இருப்பது அந்த பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவில் கிட்டத்தட்ட எந்த இடத்திலிருந்தும் வெட்டிய, சுமார் 4,000 கார இணை நீளமுள்ள துண்டு. துகளைக் கட்டும் முக்கிய மரபணுத் தொகுதியின் நீளமே ஏறக்குறைய 15,000. அதனால் தன்னைத் தானே முழுசாகச் சுமந்துபோய்ப் பெருகிக்கொள்ள இதற்கு வழியில்லை.

கிருமி நீக்கம், தட்டில் கீறுவது எல்லாம் கைப்பழக்கம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: இரண்டு ரகங்கள்

ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணு ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஜீடிஏ வழியாகப் போகிறதா என்று பார்க்கப்போகிறோம். கொடுப்பதற்கு ரிஃபாம்பிசினைத் தாங்கும் எஸ்பி1003, வாங்குவதற்குத் தாங்காத பி10. ஜீடிஏவை அள்ளிக் கொடுக்கும் டிஇ442 என்ற ரகம் கிடைத்தால் எண்ணிக்கை நன்றாக வரும். ஆனால் உங்கள் கைக்கு வந்த டிஇ442 ரிஃபாம்பிசின் தட்டில் வளர்கிறதா என்று முதலில் கீறிப் பாருங்கள்.

படி 2: கொடுப்பவரை வளர்ப்பது

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். திருகுமூடி டியூபில் ஒய்பிஎஸ் என்ற வளர்ப்பு ஊடகத்தைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடி, வெளிச்சத்தில் 30 முதல் 35 டிகிரியில் வைக்க வேண்டும். 'வெளிச்சம்' என்றதும் வெள்ளை எல்இடியை மாட்டிவிடுகிறோம். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். கல்ச்சரோ சோர்ந்துபோய்க் கிடக்கும். காரணம், இந்த பாக்டீரியாவின் ஒளி அறுவடைப் புரதங்கள் முக்கியமாக உறிஞ்சுவது 800, 850 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பை. வெள்ளை எல்இடியில் அது அநேகமாகக் கிடையாது. பழைய குண்டு பல்பில் தாராளமாக இருக்கிறது. அதன் சூடு டியூபைத் தாக்காமல் நடுவே கண்ணாடித் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். 850 நானோமீட்டர் எல்இடி பட்டை கிடைத்தால் என் ஓட்டு அதற்கே, சூடு குறைவு.

கல்ச்சர் அடர்ந்து, வளர்ச்சி நின்ற பிறகுதான் ஜீடிஏ வெளிவரும். அதுவும் எல்லாச் செல்களிலிருந்தும் அல்ல. ஒரு சிறு பங்கு மட்டுமே துகள்களைக் கட்டி, உடைந்து, அவற்றை வெளியே விடுகிறது. ஃபாஸ்பேட் மிகுந்த ஊடகத்தில் இந்த உடைதல் குறைந்துவிடும் என்பதால்தான், ரோடோபாக்டருக்கு வழக்கமாகப் பயன்படும் ஆர்சிவி என்ற இன்னொரு ஊடகம் இங்கே வேண்டாம் என்கிறேன்.

படி 3: வடிகட்டுவது

சென்ட்ரிஃப்யூஜில் செல்களை அடியில் இறக்கி, மேல்நீரை 0.2 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் விடுங்கள். செல் நின்றுவிடும், துகள் இறங்கிவிடும். பிஇஎஸ் (பாலிஈதர்சல்ஃபோன்) ஃபில்டர் மட்டும் வாங்குங்கள். நைட்ரோசெல்லுலோஸில் புரதம் ஒட்டிக்கொள்ளும். இருக்கிற கொஞ்சத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும்.

படி 4: கலப்பது

ஆர்சிவியில் முதிர வளர்ந்த பி10ஐ ஜி பஃபரில் கழுவுங்கள். (ட்ரிஸ் 10 மில்லிமோலார், பிஎச் 7.8, மெக்னீசியம், கால்சியம், சோடியம் குளோரைடுகள் தலா 1 மில்லிமோலார், பிஎஸ்ஏ என்ற மாட்டு சீரப் புரதம் மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம்.) பஃபர் 0.4 மில்லி, பி10 0.1 மில்லி, வடிநீர் 0.1 மில்லி. ஒரு மணி நேரம் கழித்து 0.9 மில்லி ஆர்சிவி ஊற்றி இன்னும் மூன்று மணி நேரம் விடுங்கள். வந்து சேர்ந்த டிஎன்ஏ குரோமோசோமில் இணைந்து, ரிஃபாம்பிசின் தாங்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் (அந்த மருந்து தாக்கும் நொதி) உருவாக அந்த அவகாசம் தேவை. பிறகு ரிஃபாம்பிசின் தட்டில் பரப்பி, இருட்டில், காற்றோட்டத்தோடு வையுங்கள். ரிஃபாம்பிசினுக்கு வெளிச்சம் ஆகாது. ரோடோபாக்டர் இருட்டிலும் சுவாசித்து வளரும்.

காலனி குறைவாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். குரோமோசோம் சுமார் 37 லட்சம் கார இணை. 4,000ஆல் வகுத்துப் பாருங்கள்: நமக்கு வேண்டிய இடம் ஏறக்குறைய 900 துகள்களுக்கு ஒன்றில்தான் இருக்கும்.

படி 5: ஒப்பீட்டுத் தட்டுகள்

இவை இல்லாமல் எண்ணிய எண்ணுக்கு மதிப்பே இல்லை. பி10 மட்டும் ஒரு தட்டு: தானாகவே திரிபு அடைந்து ரிஃபாம்பிசினைத் தாங்கும் செல்கள் எப்போதும் சில இருக்கும், அவற்றைக் கழிக்க வேண்டும். வடிநீர் மட்டும் ஒரு தட்டு: ஒரு காலனி வந்தாலும் ஃபில்டர் கிழிந்திருக்கிறது. டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அறுக்கும் நொதி) சேர்த்த வடிநீரோடு ஒரு தட்டு: வெறும் டிஎன்ஏ மிதந்து உள்ளே போயிருந்தால் இங்கே காலனிகள் சரியும். ஜீடிஏ என்றால் சரியாது, டிஎன்ஏ புரத ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் பூஜ்யம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில் பி10ஐ இளம் கல்ச்சரிலிருந்து எடுத்திருந்தார்கள். துகள் வந்து ஒட்டுவதற்குச் செல்லைச் சுற்றிப் பாலிசாக்கரைடு உறை வேண்டும். டிஎன்ஏவை உள்ளே இழுக்கும் கம்இசி, டிபிஆர்ஏ போன்ற புரதங்களும் வேண்டும். இரண்டும் கூட்டம் அடர்ந்த பிறகுதான் தயாராகின்றன. பி10ஐயும் முழுசாக முதிர விட்டுத் திரும்பச் செய்யுங்கள்.