எச்7-இல் ராணியைக் கொடுத்த ஆட்டம்: கட்டாய மேட்டை அலசும் விதம்

1912-இல் லண்டனில் எட்வர்ட் லாஸ்கரும் ஜார்ஜ் தாமஸும் போட்டி எதுவும் இல்லாமல் சும்மா ஆடிய சதுரங்க ஆட்டம் இது; லாஸ்கர் வெள்ளை. (உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் வேறு, இவர் வேறு. பாட்மிண்டனில் தாமஸ் கோப்பை இந்தத் தாமஸின் பெயரில்தான் இருக்கிறது.) கட்டாய மேட்டை (எதிராளி எப்படி ஆடினாலும் ராஜா தப்ப முடியாத முடிவை) எப்படி அலசுவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் அடுக்கிக் காட்டுவது இதைத்தான்.

கணினி வேண்டாம், பலகையில் அடுக்குங்கள் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை; வெள்ளையின் இடது கீழ் மூலை ஏ1). வெள்ளை: ராஜா இ1, ராணி எச்5, யானைகள் ஏ1, எச்1, மந்திரி டி3, குதிரைகள் இ4, இ5, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, டி4, எஃப்2, ஜி2, எச்2. கருப்பு: ராஜா ஜி8, ராணி இ7, யானைகள் ஏ8, எஃப்8, மந்திரிகள் பி7, எஃப்6, குதிரை பி8, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி7, இ6, ஜி7, எச்7. 11-ஆவது நகர்த்தல், வெள்ளையின் முறை.

கருப்பு ராணி இ7-க்கு ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். குதிரை எஃப்6-ஐ வெட்டினால் ஜி சிப்பாய் திருப்பி வெட்டும். ஏழாம் வரிசை திறந்து ராணி எச்7-ஐக் காக்கும். நியாயமான நகர்த்தல். ஆனால் வெள்ளை ராணியே எச்7-ஐ வெட்டிச் செக் கொடுக்கிறது. ராஜா வெட்டியே ஆக வேண்டும்.

அடுத்து குதிரை எஃப்6-ஐ வெட்டுகிறது. இங்கே நிதானியுங்கள். குதிரையும் செக், அது விலகியதால் டி3 மந்திரியும் செக். இரட்டைச் செக்குக்கு ராஜா நகர்வதைத் தவிர வழி இல்லை. குதிரையை ஜி7 சிப்பாயால் வெட்ட முடியாது. எச்8-க்குப் போனால் இன்னொரு குதிரை ஜி6-இல் உடனே மேட். அதனால் எச்6.

இனி ஒவ்வொரு செக்குக்கும் ராஜாவைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் நோட்டில் எழுதி, எதை எந்தக் காய் அடைக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அலசல் என்பதே அதுதான். ஆட்டத்தில் நடந்தது: இ5 குதிரை ஜி4, ராஜா ஜி5, சிப்பாய் எச்4, ராஜா எஃப்4, சிப்பாய் ஜி3, ராஜா எஃப்3, மந்திரி இ2, ராஜா ஜி2, யானை எச்2, ராஜா ஜி1, கடைசியில் வெள்ளை ராஜா டி2-க்கு ஒதுங்க, ஏ1 யானையால் மேட். ஒவ்வொரு முறையும் மிஞ்சுவது ஒரே கட்டம். எட்டு நகர்த்தலில் மேட்.

இதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். ஜெயித்தவர் ஆடியதுதான் மிகக் குறுகிய வழி என்று பல வருடம் நம்பியிருந்தேன். ராஜா ஜி5-இல் நிற்கும்போது எச்4-க்குப் பதிலாக எஃப்4 என்று சிப்பாயைத் தள்ளிப் பாருங்கள். அதை வெட்டினால் ஜி3 செக். ராஜா ஜி5-க்குத் திரும்பினால் எச்4 மேட்; எஃப்3-க்கு வந்தால் வெள்ளை குட்டைப் பக்கம் காஸ்லிங் செய்ய (ஒரே நகர்த்தலில் ராஜா ஜி1, யானை எஃப்1), அந்த யானையே மேட்!

வெட்டாமல் எச்4-க்குப் போனால்? நான் முதலில் தவறவிட்டது இந்தக் கிளையைத்தான். ஜி3 செக், ராஜா எச்3. மந்திரி எஃப்1 செக். கருப்புக்கு ஒரே பதில்தான்: அதுவரை பி7-இல் சும்மா நின்ற மந்திரி நீண்ட மூலைவிட்டத்தில் ஜி2-க்கு வந்து குறுக்கே நிற்பது. குதிரை எஃப்2, மேட். ஏழே நகர்த்தல்.

ஆட்டத்தில் நடந்த கடைசி நகர்த்தலையும் விட்டுவிடாதீர்கள். டி2-க்குப் பதிலாக நீண்ட பக்கம் காஸ்லிங் செய்தாலும் (ராஜா சி1, யானை டி1) மேட்தான். வெள்ளை ராஜாவும் ஏ1 யானையும் அதுவரை நகரவே இல்லை, இடையில் காய் எதுவும் இல்லை. ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து ஒருமுறை ஓட்டி, அதை நீங்களே சரிபாருங்கள்.