திரைவாசிப்பானுக்கு ஏற்ற கீபோர்டு: வாங்கும் முன் விரல் தொட்டுப் பார்க்க வேண்டியவை

"நம்பர்பேட் இல்லாத சின்ன கீபோர்டு வாங்குங்கள், மவுஸ் கைக்குப் பக்கத்தில் வரும்." இந்த அறிவுரை மவுஸ் பிடிப்பவர்களுக்கானது. திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானில் வேலை செய்பவருக்கு, வலப்பக்க எண் கீகளான நம்பர்பேட்தான் மவுஸ். அதனால் தேர்வை அங்கிருந்தே தொடங்குங்கள்.

1. முழு அளவு கீபோர்டு

104 அல்லது 105 கீ உள்ளதாக இருக்கட்டும். என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானின் டெஸ்க்டாப் அமைப்பில், நம்லாக் அணைந்திருக்கும்போது நம்பர்பேடின் 7, 8, 9 வரி வரியாகவும், 4, 5, 6 சொல் சொல்லாகவும், 1, 2, 3 எழுத்தெழுத்தாகவும் படிக்கும். வகுத்தல் கீ இடது கிளிக், பெருக்கல் கீ வலது கிளிக். 5-ன் மேல் சிறு மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எஃப், ஜே கீகளின் மேடும் விரலில் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். பெயருக்கு ஒரு கோடு போட்டிருந்தால் தினமும் தேட வேண்டிவரும்.

2. இன்சர்ட் எங்கே இருக்கிறது?

திரைவாசிப்பானுக்குக் கட்டளையிட மற்ற கீகளோடு சேர்த்து அழுத்தும் கீ பெரும்பாலும் இன்சர்ட்தான்; என்விடிஏ கீ என்பதும் அதுவே. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். இன்சர்ட், ஹோம், பேஜ் அப் மேல் வரிசை. டெலீட், எண்ட், பேஜ் டவுன் கீழ் வரிசை. இந்த ஆறும் நான்கு பக்கமும் இடைவெளி விட்டுத் தனித் தீவாக நிற்க வேண்டும். அம்புக் கீகளும் அப்படியே. எஃப்1 முதல் எஃப்12 வரையான வரிசை நான்கு நான்காகப் பிரிந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் எஃப்7-ஐ எண்ணித்தான் பிடிக்க முடியும்.

சின்ன கீபோர்டுகள் பலவற்றில் இன்சர்ட் தனிக் கீயாக இருக்காது. எஃப்என் (Fn) கீயோடு வேறொரு கீயை அழுத்தினால்தான் வரும். எஃப்என் பெரும்பாலும் கீபோர்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. விண்டோஸுக்கு அது போய்ச் சேர்வதில்லை. அதனால் அதைத் திரைவாசிப்பான் கீயாக வைக்கவும் வழியில்லை. இணைப்புகளின் பட்டியலைத் திறக்கும் இன்சர்ட் + எஃப்7 போல இரண்டு கீயில் முடிய வேண்டியது மூன்று, நான்கு கீ ஆகி, நாளடைவில் மணிக்கட்டு வலிக்கும்.

கைக்கு இதமான இன்சர்ட் எது என்று கேட்டால், நம்பர்பேடின் 0 என்பேன். அகலமானது, வலது அம்புக்கு அடுத்தே இருப்பது. வலது சிறுவிரலை 0-வில் ஊன்றி, நடுவிரலால் கீழ் அம்பைத் தட்டினால் போதும், தொடர்ந்து படிக்க ஆரம்பித்துவிடும். இடது கைக்கு வேலையே இல்லை.

அழுத்தினால் திரைவாசிப்பான் பேசாமல் 0 விழுகிறதா? நம்லாக் எரிகிறது, அவ்வளவுதான். ஒருமுறை அழுத்தி அணையுங்கள்.

3. பேசவைத்துச் சோதியுங்கள்

கீபோர்டை இணைத்து, என்விடிஏ கீ + 1 அழுத்துங்கள். உள்ளீட்டு உதவி தொடங்கும். இனி எந்தக் கீயைத் தொட்டாலும் பெயர் சொல்லும், செயல் நடக்காது. (ஜாஸ், நரேட்டர் என்ற மற்ற திரைவாசிப்பான்கள் இரண்டிலும் அவற்றின் சொந்தக் கீயோடு 1.) இடது மேல் மூலையிலிருந்து வரிசையாக அழுத்திக்கொண்டே போங்கள். எஃப்5-ஐத் தொட்டால் "எஃப்5" என்று வர வேண்டும். ஒலியளவு என்றோ, ஒன்றுமே சொல்லாமலோ இருந்தால் மேல்வரிசை மீடியா நிலையில் இருக்கிறது; பல கீபோர்டுகளில் எஃப்என் + எஸ்கேப் அதை மாற்றும். மாறாததை வாங்காதீர்கள். முடிந்ததும் மறுபடி என்விடிஏ கீ + 1.

அடுத்து, நோட்பேடைத் திறந்து எஸ், டி, எஃப், ஜே, கே, எல் ஆறையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஆறு எழுத்தும் விழுந்ததா என்று அம்புக் கீயால் படித்துப் பாருங்கள். மலிவான மெம்பிரேன் கீபோர்டுகளில் கீகள் கட்டம் கட்டமாக ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்வதால், சில சேர்க்கைகளில் மூன்றாவது கீ தொலைந்துபோகும். கணினியில் ஆறு விரலால் பிரெயில் தட்டச்சு செய்ய நினைப்பவர் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சாதாரண வேலைக்கு, கன்ட்ரோல் + ஷிப்ட் + இன்சர்ட்டோடு சில எழுத்துகள் சரியாக வந்தால் போதும்.

4. சத்தமும் அழுத்தமும்

ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டில் நீல சுவிட்சை ஒதுக்கிவிடுங்கள். அதன் "டிக்" சத்தம் பேச்சின் மேலேயே விழும்; வேகமாகப் பேசும் குரலில் ஓர் எழுத்து தவறினாலும் பொருள் மாறிவிடும். பழுப்பு சுவிட்சில் கீ பதிவாவதை விரல் உணரும், சத்தமும் குறைவு. என் தேர்வு அதுதான். சிவப்பு மிருதுவானது. ஆனால் கீகளைத் தடவித் தேடும் பழக்கம் இருந்தால் கைபட்டே எழுத்து விழுந்துவிடும்.

5. வயரா, வயர்லெஸ்ஸா?

வயர். வயர்லெஸ் கீபோர்டு தூங்கி எழும்போது முதல் அழுத்தத்தை விழுங்கிவிடுவதுண்டு. பேட்டரி குறைவதைப் பலவற்றில் ஒரு சின்ன விளக்குதான் சொல்லும்.

6. வைக்கும் இடம்

திரையைப் பார்க்கத் தேவையில்லை என்றால் கீபோர்டைத் திரைக்கு எதிரே வைக்கும் கட்டாயமும் இல்லை. மடியிலோ, தாழ்ந்த பலகையிலோ, முழங்கை செங்கோணத்தில் தொங்கும் உயரத்தில் வையுங்கள். பின்பக்கக் கால்களை மடக்கியே வையுங்கள்; தூக்கி நிறுத்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

கீயை விரலால் அடையாளம் காண மேலே ஒட்டும் மேடான புள்ளிகள் மூன்று, நான்கு போதும்: இன்சர்ட், எஃப்7, அடிக்கடி தவறும் இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒட்டினால் எதுவும் அடையாளமாக இருக்காது.

பின்சேர்க்கை: லேப்டாப் மட்டும் இருப்பவர்களுக்கு

கன்ட்ரோல் + என்விடிஏ கீ + கே அழுத்தி கீபோர்டு செட்டிங்ஸைத் திறந்து, கேப்ஸ் லாக்கை என்விடிஏ கீயாகத் தேர்ந்தெடுங்கள்; கீபோர்டு அமைப்பை லேப்டாப்புக்கு மாற்றுங்கள். அதன்பின் உண்மையான கேப்ஸ் லாக் வேண்டுமென்றால் வேகமாக இருமுறை தட்ட வேண்டும். 2024-லிருந்து வரும் பல லேப்டாப்களில் வலப்பக்க கன்ட்ரோல் அல்லது அப்ளிகேஷன்ஸ் கீ இருந்த இடத்தில் கோபைலட் (மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளர்) கீ உட்கார்ந்திருக்கிறது. வலது கிளிக் மெனுவுக்கு அங்கே ஷிப்ட் + எஃப்10 பயன்படுத்துங்கள்.